அறிவிப்புப் பலகையா, டிக்கெட் முகப்பா?



தீபாவளிக்கு இன்னும் பத்து நாள். கோலாலம்பூரில் கல்லூரியில் படிக்கும் உங்கள் அக்காள் சுங்கைப்பட்டாணிக்கு வர வேண்டும். அவருக்குப் பரீட்சை நேரம். “பஸ் டிக்கெட் இருக்கிறதா என்று பார்த்து எடுத்து விடு” என்று உங்களிடம் சொல்லிவிட்டார். நீங்கள் கைப்பேசியில் இரண்டு பக்கங்களைத் திறக்கிறீர்கள். ஒன்றில் டி.பி.எஸ். முனையத்திலிருந்து வடக்கே செல்லும் பேருந்துகளின் நேர அட்டவணை இருக்கிறது. மற்றொன்றில் ஒரு பேருந்தின் இருக்கை வரைபடம். காலியான இருக்கைகள் பச்சை, விற்றுப் போனவை சாம்பல் நிறம். பச்சைக் கட்டம் ஒன்றைத் தொட்டதும் அது மஞ்சளாக மாறுகிறது. மேலே ஒரு கடிகாரம் பத்து நிமிடத்திலிருந்து இறங்கத் தொடங்குகிறது.

இரண்டும் ஒரே உலாவியில்தான் திறந்தன. இரண்டுக்கும் இணைய முகவரி உண்டு. வண்ணமும் படமும் எழுத்தும் இரண்டிலும் உண்டு. ஆனால் முதலாவதை இணையத்தளம் என்றும் இரண்டாவதை இணையச் செயலி என்றும் அழைக்கிறோம். ஐந்தாம் படிவத்தில் கணினி அறிவியல் எடுப்பவர்கள் வலைசார் நிரலாக்கம் படிக்கும்போது இந்த வேறுபாட்டைச் சந்திப்பார்கள். மற்றவர்கள் ஏன் தெரிந்துகொள்ள வேண்டும்? அக்காளின் டிக்கெட்டுக்கு இருமுறை பணம் போகாமல் இருக்க இது தெரிந்திருக்க வேண்டும். பள்ளி நூலகக் கணினியில் உங்கள் பெயரில் வேறொருவர் நுழையாமல் இருக்கவும் இது தெரிந்திருக்க வேண்டும்.

பேருந்து நிலையத்தையே நினைத்துப் பாருங்கள். சுவரில் நேர அட்டவணை ஒட்டியிருக்கிறது. ஆயிரம் பேர் வந்து பார்த்தாலும் அதில் ஓர் எழுத்தும் மாறாது. யார் பார்த்தார்கள் என்று பலகைக்குத் தெரியவும் தெரியாது. பக்கத்தில் டிக்கெட் முகப்பு இருக்கிறது. அங்கே நீங்கள் ஒன்று கேட்கிறீர்கள், அவர் ஒன்று கேட்கிறார், ஏட்டைப் பார்க்கிறார், பணம் வாங்குகிறார், ஏட்டில் எழுதுகிறார். நீங்கள் வந்து போனதால் ஏடு மாறிவிட்டது. உங்களுக்கு அடுத்து நிற்பவருக்கு ஓர் இருக்கை குறைந்துவிட்டது.

பலகை இணையத்தளம். முகப்பு இணையச் செயலி.

கோப்பை எடுத்துக் கொடுக்கும் வேலை

பலகையின் கதை எளிது. முகவரியைத் தட்டியதும் உங்கள் உலாவி, தொலைவிலுள்ள ஒரு கணினிக்கு ‘இந்தப் பக்கத்தைக் கொடு’ என்று கேட்டு அனுப்புகிறது. அந்தக் கணினிதான் சேவையகம். பலர் சர்வர் என்றே சொல்வார்கள். அது தன்னிடமுள்ள கோப்பைத் தேடி எடுத்து அப்படியே அனுப்புகிறது. உலாவி அதைப் படித்துத் திரையில் வரைந்து காட்டுகிறது. அவ்வளவுதான்.

உலகின் முதல் இணையத்தளம் இப்படித்தான் இயங்கியது. சுவிட்சர்லாந்தின் ஜெனிவா அருகேயுள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய டிம் பெர்னர்ஸ் லீ, 1989-இல் இதற்கான திட்டத்தை எழுதினார். 1990-ஆம் ஆண்டு இறுதிக்குள் முதல் சேவையகமும் முதல் உலாவியும் அவருடைய மேசைக் கணினியில் ஓடிக்கொண்டிருந்தன. யாராவது தெரியாமல் அதை அணைத்துவிடப் போகிறார்கள் என்று, அணைக்காதீர்கள் எனச் சிவப்பு மையில் எழுதி அதன்மேல் ஒட்டி வைத்திருந்தார். அன்றைக்கு அந்த ஒரு கணினியை அணைத்தால் வையவிரிவு வலை முழுவதும் அணைந்துவிடும்!

தமிழும் வெகு விரைவில் இந்தப் பலகையில் ஏறியது. 1995-இல் சிங்கப்பூர்க் கவிதைகளை நாட்டின் நான்கு அதிகாரத்துவ மொழிகளிலும் தாங்கிய இணையத்தளம் ஒன்று அங்கே தொடக்கம் கண்டது. அதன் தமிழ்ப் பக்கங்களுக்கு உழைத்தவர் எழுத்தாளரும் விரிவுரையாளருமான நா. கோவிந்தசாமி. கவிதையைப் படிக்கலாம், ரசிக்கலாம். படித்ததால் அதில் எதுவும் மாறாது. அது நல்ல பலகை.

மறதிக்காரச் சேவையகம்

உலாவியும் சேவையகமும் பேசிக்கொள்ளும் முறைக்கு எச்.டி.டி.பி. என்று பெயர். அந்த முறைக்கு ஒரு வினோதமான குணம் உண்டு. அதற்கு நினைவே கிடையாது. நீங்கள் ஒரு பக்கம் கேட்டீர்கள், கொடுத்தது. அடுத்த நொடி இன்னொரு பக்கம் கேட்டால், முன்பு கேட்டவரும் நீங்களும் ஒருவரே என்று அதற்குத் தெரியாது. பலகைக்கு இது போதும். முகப்புக்குப் போதுமா? ‘7பி இருக்கை வேண்டும்’ என்று சொல்லிவிட்டுப் பணத்தை நீட்டினால், ‘நீங்கள் யார், எந்த இருக்கை?’ என்று மறுபடி கேட்கும் முகப்பில் யாரும் டிக்கெட் எடுக்க முடியாது.

1994-இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் வேலை செய்த லூ மோன்டுலி இதற்கு ஒரு வழி கண்டார். கிளினிக்குக்குப் போனால் ஓர் எண் சீட்டு கொடுப்பார்கள் அல்லவா? அதே யோசனைதான். முதல் முறை வரும் உலாவிக்குச் சேவையகம் ஒரு சிறு சீட்டு கொடுக்கிறது. உலாவி அதைப் பத்திரமாக வைத்திருந்து, அடுத்த ஒவ்வொரு முறையும் கோரிக்கையோடு சேர்த்துக் காட்டுகிறது. சேவையகம் எண்ணைப் பார்த்துத் தன் ஏட்டைப் புரட்டி, ‘ஓ, இவர் 7பி கேட்டவர்’ என்று அறிந்துகொள்கிறது. அந்தச் சீட்டின் பெயர் குக்கீ. எந்தத் தளத்துக்குப் போனாலும் ‘குக்கீகளை ஏற்கிறீர்களா?’ என்று கேட்கிறார்களே, அந்தக் குக்கீதான். அதை வைத்து உங்களைப் பின்தொடர்ந்து விளம்பரம் காட்டுவதெல்லாம் பிறகு வந்த வேலை.

இங்கே ஒரு விஷயத்தை நன்றாகக் கவனியுங்கள். கிளினிக்கில் எண் சீட்டு யார் கையில் இருக்கிறதோ அவரைத்தான் உள்ளே அழைப்பார்கள். முகத்தைப் பார்ப்பதில்லை. சேவையகமும் அப்படியே. நீங்கள் கடவுச்சொல்லைத் தட்டுவது ஒரே ஒரு முறை. அதன்பின் உங்களை உங்களாகக் காட்டுவது அந்தச் சீட்டு மட்டுமே. பள்ளி நூலகக் கணினியில் மின்னஞ்சல் பார்த்துவிட்டுப் பக்கத்தை மட்டும் மூடினால், சீட்டு அந்தக் கணினியிலேயே கிடக்கக்கூடும். அடுத்து வந்து அமர்பவர் அதே முகவரியைத் திறந்தால் உங்கள் கடிதங்கள் அவர் முன்னால். ‘வெளியேறு’ பொத்தானை அழுத்தினால் கதை வேறு. ‘இந்த எண் இனிச் செல்லாது’ என்று உலாவி சேவையகத்துக்குச் சொல்கிறது. சேவையகம் ஏட்டிலிருந்து அதை அடித்துவிடுகிறது. திரையில் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

ஓர் இருக்கை, இரண்டு விரல்

இனி நமது 7பி. இந்தப் பகுதி கொஞ்சம் நீளும், பொறுமையாகப் படியுங்கள்.

நீங்கள் சுங்கைப்பட்டாணியில் 7பி-ஐப் பச்சையாகப் பார்க்கிறீர்கள். அதே நேரத்தில் கிள்ளானில் ஒருவரும் அதே இருக்கையைப் பச்சையாகப் பார்க்கிறார். இருவரும் ஒரே நொடியில் தொடுகிறீர்கள். நிரல் எழுதியவர் அனுபவமில்லாதவர் என்று வைத்துக்கொள்வோம். அவர் இப்படி எழுதியிருப்பார்: முதலில் இருக்கை காலியா என்று பார், காலி என்றால் பெயரை எழுது. படிக்கும்போது தவறே தெரியவில்லை அல்லவா?

ஆனால் சேவையகம் ஒரே சமயத்தில் பலருக்கு வேலை செய்கிறது. உங்களுக்காகப் பார்க்கிறது: காலி. எழுதுவதற்கு முன்பே கிள்ளான்காரருக்காகப் பார்க்கிறது: அவருக்கும் காலி. பிறகு உங்கள் பெயரை எழுதுகிறது. அடுத்து, அதன்மேலேயே அவர் பெயரை எழுதுகிறது. இருவருக்கும் டிக்கெட் போய்ச் சேர்கிறது. தீபாவளிக்கு முந்தின இரவு பேருந்தில் ஏறியபின்தான் குட்டு வெளிப்படும். உங்கள் அக்காள் நின்றுகொண்டு போக வேண்டியதுதான்!

பார்ப்பதற்கும் எழுதுவதற்கும் இடையே உள்ள அந்தச் சிறு இடைவெளிதான் குற்றவாளி. சில ஆயிரத்தில் ஒரு பங்கு நொடி இருக்கலாம். சாதாரண நாளில் யாரும் அந்த இடைவெளியில் விழமாட்டார்கள். நிரலைச் சோதித்துப் பார்த்தவர்களும் எல்லாம் சரி என்றே சொல்லியிருப்பார்கள். பெருநாள் நெரிசலில், பல ஆயிரம் விரல்கள் ஒன்றாகத் தொடும்போதுதான் அது தலைகாட்டும்.

இதற்குத் தீர்வு, பார்ப்பதையும் எழுதுவதையும் பிரிக்க முடியாத ஒரே வேலையாக ஆக்குவது. ஏட்டின் வேலையைச் செய்வது தரவுத்தளம் என்னும் மென்பொருள். அதனிடம், ‘7பி காலியாக இருந்தால் மட்டும் இந்தப் பெயரை எழுது, எத்தனை வரி மாறியது என்று சொல்’ என ஒரே கட்டளையாகக் கொடுக்க வேண்டும். தரவுத்தளம் ஒருவர் வேலையை முடிக்கும்வரை அந்த வரியை மற்றவருக்குப் பூட்டி வைக்கும். உங்களுக்கு ‘ஒரு வரி மாறியது’ என்று பதில் வரும். கிள்ளான்காரருக்கு ‘எதுவும் மாறவில்லை’ என்று வரும். அவர் திரையில் ‘மன்னிக்கவும், இந்த இருக்கை இப்போதுதான் எடுக்கப்பட்டது’ என்று காட்டுவார்கள். அவருக்கு வருத்தம்தான். ஆனால் வீட்டில் உட்கார்ந்து வருத்தப்படுகிறார். நடுராத்திரி முனையத்தில் அல்ல.

மேலே இறங்கிக்கொண்டிருந்த கடிகாரம் நினைவிருக்கிறதா? நீங்கள் இருக்கையைத் தொட்டவுடன் அது உங்களுக்கு விற்கப்படவில்லை. பத்து நிமிடத்துக்குப் பிடித்து வைக்கப்பட்டது. அதற்குள் பணம் வராவிட்டால் மறுபடி பச்சையாகும். இல்லையென்றால் யாராவது விளையாட்டுக்கு எல்லா இருக்கைகளையும் தொட்டுவிட்டுத் தூங்கப் போய்விடலாம். திரையில் தெரியும் கடிகாரம் உங்கள் உலாவியில் ஓடுகிறது. அதை ஓட்டுவது ஜாவாஸ்கிரிப்ட் என்ற மொழி. பிரெண்டன் ஐக் என்பவர் 1995-இல் அதன் முதல் வடிவத்தைப் பத்தே நாளில் எழுதினார். ஆனால் உண்மையான கடிகாரம் சேவையகத்தில் இருக்கிறது. உங்கள் கைப்பேசியின் நேரத்தைப் பின்னுக்கு நகர்த்தி அதை ஏமாற்ற முடியாது. முயன்று பார்க்க நினைத்தவர்கள் கைதூக்கவும்.

இதிலிருந்து முக்கியமான ஒரு விதி பிறக்கிறது. உலாவி பயனரின் கையில் இருக்கிறது. அதில் ஓடும் எதையும் பயனர் மாற்ற முடியும். டிக்கெட் விலை 60 ரிங்கிட் என்று உலாவி அனுப்புவதைச் சேவையகம் அப்படியே நம்பினால், விவரம் தெரிந்த ஒருவர் அதை 6 ரிங்கிட்டாக மாற்றி அனுப்பிவிடுவார். ஆகவே உலாவி ‘7பி வேண்டும்’ என்று மட்டும் சொல்ல, விலையைச் சேவையகம் தன் ஏட்டிலிருந்தே எடுக்க வேண்டும். கைப்பேசி எண்ணில் ஓர் இலக்கம் குறைந்தால் உடனே சிவப்பாகக் காட்டுவது உலாவியின் உதவி. காவல் அங்கே இல்லை, சேவையகத்தில்தான்.

இரண்டாம் முறை அழுத்தலாமா?

பணம் செலுத்தும் பொத்தானை அழுத்திவிட்டீர்கள். வட்டம் சுற்றுகிறது. சுற்றிக்கொண்டே இருக்கிறது. பிறகு ‘இணைப்பு துண்டிக்கப்பட்டது’. இப்போது என்ன நடந்திருக்கும்?

உங்கள் கோரிக்கை சேவையகத்தை எட்டாமலே வழியில் தொலைந்திருக்கலாம். அல்லது எட்டி, பணம் எடுக்கப்பட்டு, ‘முடிந்தது’ என்ற பதில் மட்டும் திரும்பி வரும்போது தொலைந்திருக்கலாம். முதலாவதில் டிக்கெட் இல்லை. இரண்டாவதில் டிக்கெட் இருக்கிறது. திரையை எவ்வளவு நேரம் முறைத்துப் பார்த்தாலும் இவற்றைப் பிரித்தறிய முடியாது. எனக்கே இது நடந்திருக்கிறது. ஒரு கட்டணத்துக்குப் பொறுமையிழந்து இரண்டு முறை அழுத்தினேன். இரண்டு முறையும் பணம் போயிற்று. திரும்பப் பெறுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. கணினியைப் பற்றி எழுதுகிறவன் என்று அந்த முகப்பில் நான் சொல்லிக்கொள்ளவில்லை.

நன்றாக எழுதப்பட்ட செயலியில் ஒவ்வொரு கட்டண முயற்சிக்கும் தனி எண் ஒன்று கொடுத்துவிடுவார்கள். அதே எண்ணோடு இரண்டாவது கோரிக்கை வந்தால் சேவையகம் மறுபடி பணம் எடுக்காது. முதல் முறை கொடுத்த பதிலையே மறுபடி கொடுக்கும். எல்லாச் செயலிகளும் நன்றாக எழுதப்பட்டவை அல்ல. ஆகவே வட்டம் நின்றுவிட்டால் முதலில் மின்னஞ்சலைப் பாருங்கள். பிறகு செயலியில் ‘என் பயணங்கள்’ போன்ற பகுதியைத் திறந்து பாருங்கள். அப்பாவின் வங்கிக் கணக்கில் பணம் குறைந்திருக்கிறதா என்று கேளுங்கள். அதற்குப் பிறகுதான் மறுபடி அழுத்துவது.

படிவத்தை அனுப்பிய பக்கத்தைப் புதுப்பித்தால், ‘தகவலை மீண்டும் அனுப்பவா?’ என்று உலாவி சில வேளைகளில் கேட்கும். பலகையைப் புதுப்பிக்கும்போது அது ஒருபோதும் கேட்பதில்லை. பலகையை நூறு முறை பார்த்தாலும் பாதகமில்லை, முகப்பில் ஒன்றை மறுபடி செய்தால் இரண்டாகிவிடும் என்று உலாவிக்குத் தெரியும். அடுத்த முறை அந்தக் கேள்வி வந்தால் சட்டென்று ‘சரி’ என்று தட்டிவிடாதீர்கள்.

கோடு எங்கே விழுகிறது?

உள்நுழையக் கடவுச்சொல் கேட்டால் அது செயலி, கேட்காவிட்டால் தளம் என்று சில மாணவர்கள் எழுதுவார்கள். அது சரியல்ல. சந்தா கட்டியவர்கள் மட்டும் படிக்கும் செய்தித்தளத்திலும் கடவுச்சொல் உண்டு. உள்ளே போனபின் நீங்கள் செய்வது பெரும்பாலும் படிப்பதுதான். படங்கள் ஆடினால் செயலி என்பதும் தவறு. ஆடும் பலகையும் பலகையே.

வைஃபையை அணைத்துப் பார்க்கும் சோதனையும் உண்டு. திறந்திருக்கும் கட்டுரையை அணைத்தபின்னும் படிக்கலாம். இருக்கை வரைபடத்தில் எதுவும் எடுக்க முடியாது. செய்து பாருங்கள், புரியும். ஆனால் இதையும் முடிவாகக் கொள்ள முடியாது. சில செயலிகள் இணைப்பு இல்லாத நேரத்தில் உங்கள் வேலையைக் கருவியிலேயே சேர்த்து வைத்து, பிறகு அனுப்பிக்கொள்ளும். என் கணிப்பில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: நீங்கள் செய்த எதையாவது அது நினைவில் வைத்துக்கொண்டு, அதனால் பிறகு வேறு விதமாக நடந்துகொள்கிறதா?

இந்தக் கேள்வியோடு தமிழ் விக்கிப்பீடியாவுக்குப் போங்கள். ஒரு கட்டுரையைப் படிக்கும்வரை அது உங்களுக்குத் தளம். மேலே ‘தொகு’ என்று இருக்கும். அதைத் தொட்டு ஓர் எழுத்துப் பிழையைத் திருத்திச் சேமித்தால் அதே பக்கம் செயலியாகிவிடுகிறது. நீங்கள் திருத்திக்கொண்டிருக்கும்போது அதே பகுதியை இன்னொருவர் திருத்திச் சேமித்துவிட்டால், தொகுத்தல் முரண் என்று எச்சரிக்கும். 7பி கதையேதான். இங்கே இருக்கைக்குப் பதில் ஒரு பத்தி.

தளத்துக்கும் செயலிக்கும் இடையே கோடு இப்படி மங்கியதற்கு வரலாறும் காரணம். முதலில் எதைத் தொட்டாலும் பக்கம் முழுவதும் மறுபடி வர வேண்டியிருந்தது. 2004 ஏப்ரல் 1-ஆம் தேதி ஜிமெயில் அறிவிக்கப்பட்டபோது, ஒரு கிகாபைட் இடம் இலவசம் என்றதைப் பலர் ஏப்ரல் முட்டாள் வேடிக்கை என்றே நினைத்தார்கள். அடுத்த ஆண்டு கூகல் வரைபடம் வந்தது. சுட்டியால் இழுக்க இழுக்க, தேவையான துண்டுகள் மட்டும் பின்னணியில் வந்து ஒட்டிக்கொண்டன. பக்கம் என்ற உணர்வே போய், மென்பொருளைப் பயன்படுத்துகிறோம் என்ற உணர்வு வந்துவிட்டது.

உங்கள் தமிழ்மொழிக் கழகத்துக்கு எது?

பள்ளித் தமிழ்மொழிக் கழகத்துக்கு இணையத்தில் ஓர் இடம் வேண்டும் என்று ஆசிரியர் சொல்கிறார். நிகழ்ச்சி நாள்கள், சென்ற ஆண்டு பொங்கல் விழாப் படங்கள், மாணவர் கவிதைகள். இதற்குப் பலகை போதும். செலவு குறைவு, பராமரிப்பும் குறைவு. கூட்டம் வந்தாலும் கவலையில்லை. ஒரே கோப்பைப் பல நாடுகளிலுள்ள சேவையகங்களில் படி எடுத்து வைத்துக் கொடுக்கலாம். ஒரே இருக்கையை அப்படிப் பல இடங்களில் வைத்து விற்க முடியாது. அதனால்தான் செயலிகள் நெரிசலில் எளிதில் திணறுகின்றன.

‘கவிதைப் போட்டிக்கு இணையத்திலேயே பதிந்துகொள்ளலாமே’ என்று ஒருவர் சொன்னதும் நீங்கள் முகப்பு திறக்கிறீர்கள். இனி ஏடு உங்களிடம் இருக்கும். பெயர், வகுப்பு, அம்மாவின் கைப்பேசி எண் எல்லாம் அதில் ஏறும். அந்த ஏட்டை யார் திறக்க முடியும்? போட்டி முடிந்தபின் யார் அழிப்பார்கள்? நீங்கள் ஐந்தாம் படிவம் முடித்துப் போனபின் கடவுச்சொல் யாரிடம் இருக்கும்? படிவத்தில் அடையாள அட்டை எண்ணுக்கு ஒரு கட்டம் வைக்கலாமா என்று கேட்பார்கள். கவிதைப் போட்டிக்கு அது எதற்கு? இல்லாத தகவலை யாரும் திருட முடியாது. அந்தக் கட்டத்தை எடுத்துவிடுங்கள்.

செய்து பாருங்கள்

கீழே உள்ளவை தளமா, செயலியா? ‘இரண்டும்’ என்று எழுதினால், எந்த இடத்தில் மாறுகிறது என்றும் எழுத வேண்டும்.

அ) பொது நூலகத்தின் புத்தகப் பட்டியல், அதில் புத்தகத்தை முன்பதிவும் செய்யலாம்.

ஆ) உங்கள் ஊர்க் கோயிலின் திருவிழா நிகழ்ச்சி நிரல்.

இ) இன்றைய வானிலையைக் காட்டும் பக்கம். நீங்கள் சென்ற முறை தேடிய ஊரையே அது இம்முறையும் தானாகக் காட்டுகிறது.

மூன்றாவதுதான் கடினம். அந்தப் பக்கத்தின் குக்கீகளை உலாவி அமைப்பில் அழித்துவிட்டு மறுபடி திறந்து, என்ன நடக்கிறது என்று பார்த்துவிட்டு விடை எழுதுங்கள்.